பிரிவு 88இன் கடைசி வரி

“நம்ம நாட்டுல அதெல்லாம் 1971லயே முடிஞ்சுபோன விஷயம்மா. இங்க எந்தப் பொண்ணையும் இதுக்காக ஜெயில்ல போடறதில்ல. வெள்ளைக்காரன்தான் இப்ப முழிச்சுக்கிட்டிருக்கான்.” 2025 ஜூன் மாதம், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் கருக்கலைப்பு பற்றிய வாக்கெடுப்பு நடந்த வாரத்தில், பெரியப்பா என்னிடம் இப்படிச் சொன்னார். பல வருடம் சிவில் வழக்குகள் நடத்தி ஓய்வு பெற்றவர். பெண்களை மட்டம் தட்டி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. அவர் சொன்னதில் அலட்சியம் இல்லை, பெருமிதம்தான் இருந்தது. நானும் அந்த நேரத்தில் எதிர்த்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகவே இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்விதான் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

பெரியப்பா சொன்னதைத்தான் படித்தவர்களில் பெரும்பாலானோர் நம்புகிறார்கள். 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 2021இல் அதைத் திருத்தி, சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதித்தார்கள். “மணமான பெண் அல்லது அவரது கணவர்” என்று இருந்த இடத்தில் “எந்தப் பெண்ணும் அல்லது அவரது துணைவர்” என்று மாற்றினார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரையிலான காலத்தில் மணமாகாத பெண்ணை ஒதுக்கி வைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இவ்வளவும் உண்மை. எத்தனையோ நாடுகளோடு ஒப்பிட்டால் பெருமைப்படவும் இதில் நியாயம் உண்டு. ஆனால் இவற்றில் எந்தச் சட்டமும், எந்தத் தீர்ப்பும், கருக்கலைப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அது இன்றைக்கும் குற்றம்தான். குற்றவாளி யார் என்று கேட்டால், முதலில் நிற்பவள் கருவைச் சுமந்தவள்.

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பழைய சட்டத்தில் இதுவே 312ஆம் பிரிவு. கர்ப்பிணிக்கு ஒருவர் வேண்டுமென்றே கருச்சிதைவு விளைவித்தால், அது அவளுடைய உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில் செய்யப்பட்டதாக இல்லாவிட்டால், 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். வயிற்றில் குழந்தையின் அசைவு தெரிந்த பிறகு என்றால் 7 ஆண்டு வரை. இதுவரை படிக்கிறவர், யாரோ ஒரு போலி வைத்தியரை மனதில் வைத்து எழுதியது என்றுதான் நினைப்பார். அப்புறம் கடைசியில் “விளக்கம்” என்று ஒரு வரி வருகிறது: தனக்குத்தானே கருச்சிதைவு விளைவித்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவின் பொருளில் அடங்குவார்.

சரி, 1971 சட்டம் இவளைக் காப்பாற்றாதா? அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவை நிதானமாகப் படித்தால் அது யாருக்காக எழுதப்பட்டது என்று புரிந்துவிடும். தண்டனைச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும், இன்னின்ன நிபந்தனைகளின்படி கர்ப்பத்தைக் கலைக்கும் பதிவுபெற்ற மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார். அவ்வளவுதான். மன்னிப்பு மருத்துவருக்கு. அவளுடைய உயிருக்கோ உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ ஆபத்து என்று மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருதவேண்டும். கருத்தடை தோற்றுப்போனது, பாலியல் வன்முறை போன்ற காரணங்களை மனநல பாதிப்பாக எடுத்துக்கொள்ளலாம். “எனக்கு இப்போது குழந்தை வேண்டாம்” என்பது அந்தச் சட்டத்தில் தனியாக ஒரு காரணமே கிடையாது. மருத்துவரின் குடைக்குள் நின்றால் அவள் நனையமாட்டாள். குடையை விட்டு ஓரடி நகர்ந்தால், 1860இல் எழுதிய அந்தக் கடைசி வரி இன்னும் அப்படியே காத்திருக்கிறது.

அந்த ஓரடி நகர்கிறவர்கள் யாரோ சிலர் இல்லை. 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, 2015இல் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன. அவற்றில் ஏறக்குறைய 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. தமிழ்நாடு உள்பட ஆறு மாநிலங்களின் தரவுகளிலிருந்து கணக்கிட்ட எண் அது. கடையில் மாத்திரை வாங்கி, வீட்டில் தண்ணீர் குடித்து விழுங்கி, கதவைச் சாத்திக்கொண்டு வயிற்று வலியைப் பொறுத்துக்கொண்ட பெண்கள் இவர்கள். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தால், ஒரே ஆண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை பெண்கள், அன்றைக்கு 312ஆக இருந்த இந்தப் பிரிவின் வாசலுக்குள் போய் வந்திருக்கிறார்கள். இத்தனை பேர் செய்வதைக் குற்றம் என்று எழுதி வைத்திருக்கும் சட்டம், யாரைத் திருத்துவதற்காக இருக்கிறது?

## “தானா போயிடுச்சு மேடம்”

அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தவள், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். இரண்டு பிள்ளைகள். கணவர் வெளியூரில் வேலை. ராத்திரி போன் செய்து, “அக்கா, ரத்தம் நிக்கவே மாட்டேங்குது” என்றாள். போனபோது குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டியூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். நாடி பிடித்துக்கொண்டே கேட்டார்: “எத்தனை நாள் தள்ளிப் போயிருந்துச்சு? ஸ்கேன் எடுத்தீங்களா? மாத்திரை ஏதாவது போட்டீங்களா?” இவள் தலையை ஆட்டினாள். “இல்ல மேடம். தானா போயிடுச்சு.” டாக்டர் மறுபடியும் கேட்டார். அதே பதில். மூன்றாவது முறை கேட்டபோது டாக்டரின் குரல் கொஞ்சம் உயர்ந்தது, இவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ரத்தம் எடுக்க நர்ஸ் வந்த இடைவெளியில் என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு கேட்டாள்: “அக்கா, மாத்திரை போட்டேன்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடுமா?”

அவளுக்கு 88ஆம் பிரிவு தெரியாது. பழைய 312ஆம் பிரிவும் தெரியாது. சட்டம் என்று அவள் ஒரு வரி படித்ததில்லை. ஆனால் அந்தக் கடைசி வரியின் சாரம் அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரோ ஒரு அண்டை வீட்டுக்காரி, மாத்திரை கொடுத்த கடைக்காரர், ஒரு டிவி செய்தி, எங்கிருந்தோ அது அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது: “நீ செய்தது தப்பு, வெளியே தெரிந்தால் போலீஸ் வரும்.” நான் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, “இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேன்” என்றார். எத்தனை மாத்திரை, எப்போது, கரு கருப்பையில்தான் இருந்ததா அல்லது குழாயில் தங்கியதா என்று ஸ்கேன் பார்த்ததா, இதெல்லாம் தெரியாமல் ஒரு டாக்டர் ரத்தப்போக்கோடு வந்தவளைப் பார்ப்பது ஆபத்து. குழாயில் தங்கிய கர்ப்பத்துக்கு இந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்தால் உயிர் போகும். நல்லவேளை, அவளுக்கு அப்படி இல்லை. கரு முழுதாக வெளியேறாமல் கொஞ்சம் தங்கியிருந்தது. டி.என்.சி. செய்தார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

டாக்டரிடம் பொய் சொன்னதால்தான் தனக்கு வைத்தியம் தாமதமாயிற்று என்று அவளுக்கு இப்போதும் தெரியாது. நானும் சொல்லவில்லை. குற்றவுணர்ச்சி ஏற்கெனவே அவளிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது.

## வழக்கே இல்லையே என்பவர்களுக்கு

பெரியப்பாவிடம் பிறகு ஒருநாள் இதைச் சொன்னபோது, அவர் வழக்கறிஞராகவே பதில் சொன்னார். அது நேர்மையான பதில், அதனால் அப்படியே எழுதுகிறேன். 88ஆம் பிரிவு ஜாமீனில் விடக்கூடிய குற்றம். மாஜிஸ்திரேட்டின் அனுமதி இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்யவோ, பிடித்துப் போகவோ முடியாத வகை. அந்தப் பெண் பயந்த மாதிரி ராத்திரியோடு ராத்திரியாக யாரும் வந்து கைது செய்திருக்க மாட்டார்கள். தானே கலைத்துக்கொண்டதற்காகத் தண்டனை பெற்ற பெண்ணை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. “அது செத்த பிரிவும்மா” என்றார்.

செத்த பிரிவு என்றால் ஏன் அதை அடக்கம் செய்யவில்லை என்பதுதான் என் கேள்வி. ஆனால் அதற்கு முன்னால், அது செத்துவிட்டது என்பதையே நான் ஒப்புக்கொள்ளவில்லை. குற்றச் சட்டம் தீர்ப்பில் மட்டும் வேலை செய்வதில்லை. கணவன் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே எடுப்போம் என்று ஆஸ்பத்திரி சொல்லும்போது வேலை செய்கிறது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும் என்று 1971 சட்டமே சொல்கிறது. தன் சம்மதமில்லாமல் மனைவி கருவைக் கலைத்துவிட்டாள் என்று நஷ்டஈடு கேட்ட ஒரு கணவரின் வழக்கில், கணவனின் சம்மதம் தேவையில்லை என்று 2011இல் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் சொன்னது. 2017இல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. இருந்தும் கையெழுத்து கேட்கிறார்கள். நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற பயம். வழக்குத் தொடரப்படுமோ என்ற மருத்துவர்களின் அச்சம் பெண்களுக்குத் தடையாக நிற்பதை 2022 தீர்ப்பே பேசியிருக்கிறது. மருந்துக்கடையிலும் இதே கதை. சோதனைக்கு வந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று, மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு போனாலும் இந்த மாத்திரை வைத்திருக்காத கடைகள் தமிழ்நாட்டில் ஏராளம். அப்போது அவள் சீட்டு கேட்காத இடத்தைத் தேடிப் போகிறாள்.

இந்தப் பயம் பிற்காலத்தில் முளைத்த பக்கவிளைவு என்றும் சொல்ல முடியாது. 1837இல் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் தண்டனைச் சட்டத்தின் வரைவைக் கொடுத்தபோது, கருக்கலைப்புப் பிரிவைப் பற்றித் தங்கள் அச்சத்தைக் குறிப்பாகவே எழுதினார்கள். இந்த நாட்டில் இது மிகக் கேவலமான நோக்கங்களுக்குப் பயன்படுத்தப்படலாம். நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டுகூட ஒரு குடும்பத்தின் மானத்தில் கறையாகத் தங்கும். மோசமான ஆட்களின் கையில் இது பெரிய ஆயுதமாகும் என்பது அதன் சாரம். எழுதியவர்களே அஞ்சிய பிரிவு அது. அஞ்சிவிட்டுச் சட்டப் புத்தகத்திலும் வைத்தார்கள். அந்தச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1863இல், ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் புனேயில் கர்ப்பமான கைம்பெண்கள் ரகசியமாக வந்து பிள்ளை பெற்றுக்கொள்ள ஓர் இல்லம் திறந்தார்கள். கெடுத்தவன் ஊருக்குள் நிமிர்ந்து நடக்க, வயிற்றைச் சுமந்தவள் கிணற்றையும் நீதிமன்றத்தையும் பார்த்து நடுங்கிய காலம். அரசு ஒரு தண்டனைப் பிரிவை வைத்திருந்தது. அந்தத் தம்பதியர் ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். அப்படி ஒரு கைம்பெண்ணுக்குப் பிறந்த யஷ்வந்தைத்தான் அவர்கள் தத்தெடுத்து மகனாக வளர்த்தார்கள்.

## லண்டனில் நடந்தது

பிரிட்டனில் நடந்ததை இங்கே பலர் “கருக்கலைப்பை எந்த மாதத்திலும் அனுமதித்துவிட்டார்கள்” என்று எழுதினார்கள். அப்படி இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1861ஆம் ஆண்டின் ஒரு சட்டம், தன் கருவைத் தானே கலைக்க முயலும் பெண்ணுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்றது. 1967 சட்டம் அதற்கு மேல் விதிவிலக்குகளை வைத்தது: இரண்டு மருத்துவர்கள் ஒப்புதல் தந்தால், இன்றைய வரம்பின்படி 24 வாரம் வரை. நம் 1971 சட்டத்தின் எலும்புக்கூடு இதுதான் என்பது பார்த்தவுடனே தெரியும். அங்கும் பல பத்தாண்டுகள் எல்லோரும், “அது செத்த பிரிவு” என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் கொரோனா காலத்தில் மாத்திரைகளைத் தபாலில் அனுப்பும் முறை வந்தது. எத்தனை வாரம் என்று தெரியாமலோ, தெரிந்தும் வேறு வழி தெரியாமலோ, வரம்பு தாண்டி மாத்திரை எடுத்த சில பெண்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்திக்கு 2023 ஜூனில் 28 மாதத் தண்டனை. அதில் பாதி சிறைக்குள். ஒரு மாதம் கழித்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையைக் குறைத்து நிறுத்திவைத்து, இந்த வழக்குக்குத் தேவை இரக்கம், தண்டனை இல்லை என்றது. இன்னொரு பெண் 2020 நவம்பரில் மாத்திரை எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயே போலீஸ் வந்து கைது செய்து, நாலு வருடத்துக்கும் மேல் அலைந்து, 2025 மே மாதம் நடுவர் குழுவால் குற்றமற்றவள் என்று விடுவிக்கப்பட்டாள். விடுதலைதானே என்று தோன்றும். அந்த நாலு வருடத்தை யார் அவளுக்குத் திருப்பிக் கொடுப்பார்கள்? செத்த பிரிவு என்று நினைத்தது ஒரே ஒரு புதிய சூழ்நிலை வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. பெரியப்பாவிடம் நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

2025 ஜூன் 17 அன்று, குற்றம் மற்றும் காவல் மசோதாவில் தொழிற்கட்சி உறுப்பினர் டோனியா அன்டோனியாஸி கொண்டுவந்த திருத்தம் 379க்கு 137 என்று கீழவையில் நிறைவேறி, மேலவைக்குப் போனது. தன்னுடைய சொந்தக் கர்ப்பம் தொடர்பாக ஒரு பெண் செய்யும் எதுவும் இந்தக் குற்றங்களில் சேராது என்பதுதான் அதன் சாரம். 24 வார வரம்பு மாறவில்லை. இரண்டு மருத்துவர் விதி மாறவில்லை. வரம்பு மீறிச் செய்யும் மருத்துவரும், பெண்ணைக் கட்டாயப்படுத்தும் ஆணும் குற்றவாளிகள்தான். பெண் மட்டும் வெளியே எடுக்கப்படுகிறாள். எதிர்த்தவர்களின் வாதங்களில் ஒன்றை நான் மதிக்கிறேன்: இவ்வளவு பெரிய மாற்றத்தை வேறொரு மசோதாவின் திருத்தமாக, குறைந்த நேர விவாதத்தில் செய்யக் கூடாது என்றார்கள். நீண்ட விவாதம் நல்லதுதான். ஆனால் விவாதம் முடியும்வரை சிறையின் வாசலில் நிற்கவேண்டியது அவள்தான், விவாதிப்பவர்கள் இல்லை.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாம் 1971இல் செய்தது மருத்துவரைக் குற்றத்திலிருந்து வெளியே எடுத்தது. அவர்கள் 2025இல் எடுக்க முனைந்தது பெண்ணை. நாம் முன்னால் போய்விட்டோம், அவர்கள் இப்போதுதான் வருகிறார்கள் என்று பெரியப்பா சொன்னது தவறு. அவர்கள் திறக்கிற கதவை நாம் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

## 2023 டிசம்பர்

தொட்டுப் பார்க்க வாய்ப்பு வரவில்லையா? வந்தது. இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

2023 டிசம்பர் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் பாரதிய நியாய சன்ஹிதா நிறைவேறியது. இரு அவைகளிலும் சேர்த்து 140க்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நாட்கள் அவை. காலனிய காலச் சட்டத்துக்கு முடிவு கட்டுகிறோம் என்பதுதான் உள்துறை அமைச்சர் அமித் ஷா முன்வைத்த காரணம். சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நம்பர் எல்லாம் மாறியதால், பழைய பிரிவையும் புதிய பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பீட்டு அட்டவணைகள் வந்தன. ஆஸ்பத்திரி இரவுக்குப் பிறகு அதில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பழைய 309, தற்கொலை முயற்சி. புதிய சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226ஆம் பிரிவாக இருக்கிறது. 2017இன் மனநலச் சட்டம் ஏற்கெனவே, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளவேண்டும் என்று சொல்லியிருந்தது. பழைய 497, பிறன்மனை சார்ந்த குற்றம். 2018இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, நாடாளுமன்ற நிலைக்குழு ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது, கொண்டுவரவில்லை. பழைய 312, கருச்சிதைவு. புதிய 88. அதே சொற்கள். அதே 3 ஆண்டு, அதே 7 ஆண்டு. அதே விளக்க வரி.

அட்டவணையில் அந்த மூன்று வரிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் உயிரையே எடுத்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது, அவருக்கு வேண்டியது வைத்தியமும் ஆதரவும் என்று இந்த நாடாளுமன்றத்துக்குப் புரிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொண்டு எழுதிய அதே மசோதாவில், குளியலறை வாசலில் ரத்தம் வடிய உட்கார்ந்திருந்தவளுக்கு 3 ஆண்டு என்று எழுதியிருக்கிறது. 1971இல் யோசிக்கவில்லை என்றால் புரிந்துகொள்ளலாம். கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றி ஆராய 1964இல் அமைக்கப்பட்டு 1966இல் அறிக்கை தந்த சாந்திலால் ஷா குழுவின் கவலை, திருட்டுத்தனமாக நடந்த கருக்கலைப்புகளில் பெண்கள் செத்துக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க, மருத்துவர் பயமில்லாமல் செய்யட்டும் என்று வழி செய்தார்கள். பெண்ணின் விருப்பம் அந்தக் கணக்கில் இல்லை. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவதை ஆரோக்கியத்துக்காகவும் வறுமைக்காகவும் மட்டும் பேசியவர்களிடம், பெண் சுதந்திரமாக இருப்பதற்கே அது தேவை என்று அதற்கும் பல பத்தாண்டுகள் முன்பே பெரியார் எழுதிவிட்டார் என்றாலும், டெல்லிக்கு அந்தக் குரல் எட்டவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். 2009இலேயே உச்ச நீதிமன்றம், பிள்ளை பெறுவது பற்றிய முடிவு அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று சொன்ன பிறகு, 2023இல் என்ன காரணம் சொல்ல முடியும்?

## கேட்கப்படும் கேள்விகள்

இதைப் பேசினால் உடனே வரும் கேள்வி, பெண் சிசுவைக் கலைப்பது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. உசிலம்பட்டி என்ற பெயர் நமக்கு எதை நினைவூட்டுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிரச்சினையில் நம் சட்டமே எடுத்த நிலை என்ன? பாலினம் அறியும் சோதனையைத் தடுக்கும் 1994 சட்டம், கட்டாயத்தின் பேரில் சோதனைக்கு ஆளான பெண்ணைத் தண்டிப்பதில்லை. அதன் 24ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், கணவனோ உறவினரோதான் அவளைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், இல்லை என்றால் அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறது. 1992இல் இங்கே தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும், பெற்றவளைத் துரத்திப் பிடிக்காமல் பிள்ளையைக் காப்பாற்றுவது எப்படி என்றுதான் யோசித்தது. ஆக, பெண் சிசு விஷயத்திலேயே தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பயன் தராது என்று புரிந்துகொண்ட நாடு இது.

அடுத்த கேள்வி, அவளை யாராவது கட்டாயப்படுத்திக் கலைக்க வைத்தால்? அதற்கு 89ஆம் பிரிவு இருக்கிறது. பெண்ணின் சம்மதமில்லாமல் கருச்சிதைவு விளைவித்தால் ஆயுள் சிறை அல்லது 10 ஆண்டு வரை சிறை. அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தகுதியில்லாதவர் கலைத்தால் 1971 சட்டத்தின் கீழ் 2 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல், அதுவும் இருக்கட்டும். இன்னும் சொன்னால், கட்டாயத்தின் பேரில் மாத்திரை விழுங்க வைக்கப்பட்டவள் போலீசுக்குப் போக வேண்டுமானால், போனால் தன்மேலேயே வழக்கு வராது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாமியாரையோ கணவனையோ காட்டிக்கொடுக்க வந்தவளிடம், “விழுங்கினது நீதானே?” என்று கேட்கக்கூடிய ஒரு வரி சட்டத்தில் இருக்கிறவரை அவள் வரமாட்டாள்.

மூன்றாவது, நிறைமாதக் கர்ப்பத்தைக்கூடக் கலைத்துவிடுவார்களே என்பது. மனதைத் தொடும் வாதம் இது என்று எனக்குத் தெரியும். கடைசி மாதங்களில் இப்படி ஒரு நிலைக்கு வருகிற பெண் யார் என்று யோசித்துப் பாருங்கள். கர்ப்பம் என்றே தெரியாத சிறுமி, வீட்டில் அடைத்து வைக்கப்பட்டவள், கைவிடப்பட்டவள், மனம் பிறழ்ந்தவள். சிறைத் தண்டனையை நினைத்துத் தன் முடிவை மாற்றிக்கொள்ளும் நிலையில் அவர்களில் யார் இருக்கிறார்கள்? கனடாவில் 1988இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக் குற்றப் பிரிவை ரத்து செய்தது. அதற்குப் பதிலாக வந்த மசோதா 1991இல் செனட்டில் சமவாக்கில் விழுந்தது. அன்றிலிருந்து அங்கே அது குற்றச் சட்டத்திலேயே இல்லை. மற்ற எல்லா வைத்தியத்தையும் போல மருத்துவ விதிகளுக்குள் நடக்கிறது. அந்த நாட்டுப் பெண்கள் எட்டாம் மாதத்தில் வரிசையில் வந்து நிற்கவில்லை.

## ஒரு வரியை நீக்க

முழுப் பிரிவையும் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் அதற்குக் காத்திருக்காமல் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: 88இலிருந்து அந்த விளக்க வரியை நீக்கிவிட்டு, தன் கர்ப்பம் தொடர்பாக ஒரு பெண் செய்யும் எதுவும் இந்தப் பிரிவின்படி குற்றமாகாது என்று எழுதுவது. 1971 சட்டமும் 89ஆம் பிரிவும் அப்படியே இருக்கலாம்.

டெல்லி இதைச் செய்யும்வரை சென்னை கை கட்டி நிற்க வேண்டியதும் இல்லை. குற்றச் சட்டம், மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. புதிய சட்டங்களில் மாநிலத் திருத்தங்கள் தேவையா என்று பார்க்க 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு ஓய்வு பெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2025 ஜனவரியில் நம் சட்டப்பேரவை, பெண்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கி, இதே நியாய சன்ஹிதாவைத் திருத்தி ஒரு மசோதாவை நிறைவேற்றியது. தண்டனையைக் கூட்ட அந்தச் சட்டத்தில் கை வைக்க முடிந்த அவையால், ஒரு வரியைக் குறைக்கவும் கை வைக்க முடியும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அது கிடைக்குமா கிடைக்காதா என்பது அடுத்த கதை. முதலில் யாராவது ஒருவர் பேரவையில் எழுந்து அந்த வரியைச் சத்தமாகப் படிக்க வேண்டும். என் தொகுதி உறுப்பினருக்கு இதை மனுவாக எழுதியிருக்கிறேன். பெரியப்பா சட்ட நுணுக்கங்களைச் சரிபார்த்து, கீழே தானும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.